கத்தியை எப்போது கொடுப்பது, எப்போது வாங்குவது: ஜூனியருக்குக் கற்றுத்தரும் சர்ஜன்கள் செய்யும் தவறுகள்

ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில், மேற்படிப்பு மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. இருபது வருடம் தனியாகவே ஆபரேஷன் செய்து பழகிய மலை சர்ஜன், இப்படித்தான் திடீரென்று வாத்தியாராகிவிடுகிறார். கோவையிலோ மதுரையிலோ கிடைக்கும் அளவுக்கு இங்கே கேஸ் வருவதில்லை. ஊட்டியோ கொடைக்கானலோ, ஒரு ஹெர்னியா (குடலிறக்கம்) கேஸில் ஜூனியர் சும்மா நின்று, காயத்தை விரித்துவைக்கும் கொக்கியை இழுத்துப் பிடித்துவிட்டுப் போனால், அடுத்த வாய்ப்பு அவர் இருக்கும்போதே வரும் என்று சொல்ல முடியாது.

முதல் தவறு, "பக்கத்துல நின்னு பாரு, தானா வந்துடும்" என்பது. தானாக வராது. தேர்ந்த கை தன் படிகளை மறந்துவிட்டது என்பதுதான் பிரச்சினையே. தையல் ஊசியை நீடில் ஹோல்டரில் (ஊசியைப் பிடிக்கும் இடுக்கி) எங்கே பிடிப்பது என்று கேட்டால் பாதி சீனியர்கள் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். நுனியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளிப் பிடிக்க வேண்டும். தோலுக்குச் செங்குத்தாக இறக்க வேண்டும். பிறகு மணிக்கட்டைச் சுழற்றினால் ஊசி தன் வளைவிலேயே வெளியே வரும். இதைச் சொல்லாமல் "சும்மா குத்தி எடு" என்றால் ஜூனியர் ஊசியை நேராகத் தள்ளுவார். ஊசி வளையும், திசு கிழியும்.

பெய்ட்டன் முறை என்று பயிற்சிப் பட்டறைகளில் சொல்லப்படும் நான்கு படிகள் இதற்கு உதவும். முதலில் வழக்கமான வேகத்தில், பேசாமல் செய்து காட்டுங்கள். இரண்டாவது முறை மெதுவாக, ஒவ்வொரு அசைவையும் சொல்லிச் செய்யுங்கள். மூன்றாவது முறை ஜூனியர் வாயால் சொல்ல, அதன்படி உங்கள் கை செய்யட்டும். நான்காவது முறை அவரே சொல்லிக்கொண்டே செய்யட்டும். எல்லோரும் தாண்டிவிடுவது மூன்றாவதைத்தான். அதில்தான் ஜூனியரின் மண்டையில் எந்தப் படி விட்டுப்போயிருக்கிறது என்பது நோயாளி மேல் கத்தி படும் முன்பே தெரியும். முடிச்சுக்கு நோயாளியே வேண்டாம். இழுத்துக் கட்டிய ரப்பர் பேண்டைத் தூக்காமல் முடிச்சை இறக்கச் சொல்லுங்கள். ரப்பர் மேலே எழும்பினால், உள்ளே அது கிழிந்த ரத்தக்குழாய் என்று சொல்லிப் புரியவையுங்கள்.

அடுத்தது, பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் இருப்பது. ஸ்க்ரப் செய்யும் இடம்தான் நல்ல வகுப்பறை. கை கழுவும் மூன்று நான்கு நிமிடத்தில் (டிசம்பரில் அந்தத் தண்ணீர் பட்டால் தூக்கமும் கலைந்துவிடும்) இரண்டே விஷயம் முடிவாக வேண்டும்: இன்றைக்கு ஜூனியர் எந்தப் பகுதியைச் செய்கிறார், எது நடந்தால் கத்தி உங்கள் கைக்குத் திரும்பும். மெஷ் (வலை) வைக்கும் ஹெர்னியா என்றால், "தோலும் எக்ஸ்டர்னல் ஆப்ளிக்கும் (வயிற்றுச் சுவரின் வெளி அடுக்கு) நீங்க திறங்க. அதுக்குக் கீழே ஓடுற இலியோ இங்குவைனல் நரம்பை எனக்குக் காட்டினதுக்கு அப்புறம்தான் மேற்கொண்டு வெட்டணும். கார்டை (விந்துக் குழாயும் ரத்தக்குழாய்களும் போற கயிறு) நான் பிரிக்கிறேன். மெஷ்ஷோட முதல் தையல் உங்களது" என்று சொல்லிவிடலாம். மெஷ் ப்யூபிக் ட்யூபர்க்கிளை (இடுப்பின் முன் எலும்பில் இருக்கும் முனை) தாண்டி 1.5 முதல் 2 செ.மீ. வரை உடலின் நடுக்கோட்டுப் பக்கம் போக வேண்டும், தையல் எலும்புறையில் (எலும்பைப் போர்த்திய சவ்வு) ஏறக்கூடாது என்பதை அங்கேயே சொல்லிவிடுங்கள். ஹெர்னியா திரும்ப வருவது பெரும்பாலும் அந்த மூலையிலிருந்துதான்.

இந்தப் பேச்சு இல்லாதபோதுதான் கத்தியைப் பிடுங்குவது நடக்கிறது. ஒன்று, முழுவதும் நீங்களே செய்வீர்கள். இல்லையென்றால் முழுவதையும் கொடுத்துவிட்டு, பத்தாவது நிமிடத்தில் பொறுமை போய்ப் பிடுங்குவீர்கள். நடுவில் இரண்டு படிகள் இருக்கின்றன. ஆபரேஷனில் ஜூனியருக்கு எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதைக் குறிக்கும் ஸ்விஷ் அளவுகோலில் நான்கு நிலை: சீனியர் செய்து காட்டுவது; ஜூனியர் செய்ய, சீனியர் வழிநடத்தியபடி உதவுவது; ஜூனியர் தானே நடத்த, அவர் கேட்டதை மட்டும் சீனியர் பிடித்துக் கொடுப்பது; கண்காணிப்பு மட்டும். ஒரே ஆபரேஷனுக்குள் பகுதிக்குப் பகுதி நிலை மாறலாம். வாங்க வேண்டி வந்தால் காரணத்தைச் சொல்லி வாங்குங்கள்: "இடம் தெரியல, ரெண்டு நிமிஷம் நான் பிரிச்சுத் தர்றேன்." பிறகு திருப்பிக் கொடுங்கள். பலர் கொடுப்பதில்லை.

ரத்தம் பீறிட்டால் சீனியரின் வாயிலிருந்து வரும் முதல் சொல் "தள்ளு" ஆக இருக்கக்கூடாது, "விரலால அழுத்து" ஆக இருக்க வேண்டும். அழுத்தி, சக்ஷன் வைத்து ரத்தத்தை உறிஞ்சி, வெளிச்சத்தைத் திருப்பி, பிறகு விரலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பார்க்கும் வரிசையை ஜூனியர் தன் விரலால் கற்க வேண்டும். ரத்தக் குளத்துக்குள் கண்மூடிக் கிளாம்ப் போட்டுப் பழகியவர், பின்னாளில் பக்கத்தில் இருக்கும் நரம்பையோ யூரெட்டரையோ (சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய்) பிடித்துவிடுவார். "அங்க", "இன்னும் கொஞ்சம்", "பாத்து" போன்ற சொற்களும் உதவாது. "நுனியை உங்க பக்கம் 2 மி.மீ. கொண்டு வாங்க" என்றால் கை நகரும்.

ஆனால் மிகவும் மோசமான பழக்கம் ஒன்று உண்டு. முக்கிய வேலை முடிந்ததும், "மூடிடுங்க டாக்டர்" என்று கையுறையைக் கழற்றிவிட்டு டீக்குப் போவது. வயிற்றை மூடுவது சின்ன வேலை என்ற எண்ணம் அதில் அப்படியே கடத்தப்படுகிறது. 2015-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், வயிற்றின் நடுக்கோட்டுக் காயத்தை 1 செ.மீ. அளவில் பெரிய தையலாகப் போட்டவர்களில் 21 சதவீதத்தினருக்கு ஓராண்டில் தழும்பு ஹெர்னியா வந்தது, விளிம்பிலிருந்து 5 மி.மீ. தள்ளி, 5 மி.மீ. இடைவெளியில் சிறிய தையல் போட்டவர்களில் 13 சதவீதம். டீக்குப் போகும் நேரத்தில் தீர்மானமாவது இதுதான்.

ஆகவே கூடவே நில்லுங்கள். காயத்தை ஸ்கேலால் அளக்கச் சொல்லுங்கள். 15 செ.மீ. என்றால் சுமார் 30 தையல் வர வேண்டும். 18-ல் முடிந்தால் இடைவெளி கூடிவிட்டது. செலவான நூல் காயத்தின் நீளத்தைப்போல் குறைந்தது நான்கு மடங்கு இருக்க வேண்டும். 70 செ.மீ. நூல் இரண்டு, மொத்தம் 140. வெட்டிப்போட்ட மிச்சத் துண்டுகளைப் பச்சைத் துணிமேல் நீட்டி அளந்தால் 65. செலவு 75, அதாவது ஐந்து மடங்கு, சரி. நான்குக்குக் கீழே வந்தால் இறுக்கி இழுத்திருக்கிறார், அல்லது தூரம் தூரமாகப் போட்டிருக்கிறார். இறுக்கினால் திசுவுக்கு ரத்தம் போகாது, நூல் அதை அறுத்துக்கொண்டு வரும். இந்த ஐந்து நிமிடக் கணக்கு எந்த லெக்சரையும்விட நன்றாக நிற்கும்.

முடிந்தபின் "நல்லா பண்ணீங்க" என்பது எதையும் கற்றுத்தராது. சிஸ்டர்கள் முன்னால் கத்துவது இன்னும் மோசம். அடுத்த முறை தெரியாததை மறைக்கத்தான் அது பழக்கும். அன்றைக்கே, உடை மாற்றும் அறையில், முதலில் அவரையே கேளுங்கள்: எது சரியாகப் போச்சு, எதை மாத்துவீங்க? பிறகு உங்கள் தரப்பில் திருத்தம் ஒன்றே ஒன்று. ஏழு சொன்னால் ஏழும் போய்விடும்.

சம்மதம் வாங்குவதையும் சீனியரே முடித்துவிடுகிறார்கள். படுகு பேசும் பாட்டியிடம், பயிற்சி மருத்துவரும் ஆபரேஷனில் பங்கெடுப்பார் என்பதை, உறவினரோ சிஸ்டரோ துணைக்கு நிற்க, ஜூனியரே சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள். டைம் அவுட் (கத்தி வைக்கும் முன் நோயாளி, ஆபரேஷன், இடம் சரிதானா என்று எல்லோரும் நின்று சரிபார்ப்பது) சொல்லும்போது நீங்கள் கவுன் கட்டிக்கொண்டே தலையாட்டினால், உலக சுகாதார நிறுவனத்தின் ஆபரேஷன் பாதுகாப்புப் பட்டியல் வெறும் சடங்கு என்று கற்றுக்கொடுத்தவர் நீங்கள்தான்.

கடைசியாக, மலையில் கட்டாயம் கற்க வேண்டியதை யாரும் கற்றுத்தருவதில்லை: நோயாளியை எப்போது கீழே சமவெளிக்கு அனுப்புவது. ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர் பாதையில் மண் சரியலாம். மே மாதம் வத்தலகுண்டு இறக்கத்தில் வண்டிகள் ஊர்ந்து போகும். "ரெஃபர் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகாமல், என்ன நினைக்கிறீங்க, ஏன் என்று கேளுங்கள். மண்ணீரல் கிழிந்த நோயாளியின் பி.பி. இறங்கிக்கொண்டே இருக்கிறதென்றால், கொண்டை ஊசி வளைவுகளில் அவர் தாங்குவாரா, இங்கேயே திறந்து ரத்தத்தை நிறுத்தித் துணி திணித்து அனுப்புவதா என்பது ஜூனியர் வாயால் வரட்டும். கோவைக்கு ஃபோனும் அவரே பண்ணட்டும்: வயது, அடிபட்ட நேரம், இப்போதைய பி.பி., ஏற்றிய ரத்தம் எத்தனை யூனிட், உள்ளே வைத்த துணி எத்தனை, வண்டி புறப்படும் நேரம். நீங்கள் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருங்கள்; துணி எண்ணிக்கையை விட்டால் மட்டும் குறுக்கே பேசுங்கள்.