லேப்டாப்பில் வைஃபை தகராறா? கோளாறு எங்கே என்று முதலில் பாருங்கள்

போன வாரம் செங்காங்கில் தெரிந்த அக்கா ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மகன் லேப்டாப்பில் எஸ்எல்எஸ் (பள்ளிகளின் இணையக் கற்றல் தளம்) வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வைஃபை அறுந்தது. "புது லேப்டாப் வாங்கணுமா தம்பி?" என்றார் அக்கா. ரவுட்டரைத் தேடினால், பாம் ஷெல்டருக்குள் (வீட்டுக்குள்ளேயே இருக்கும் குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறை) அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்தது. லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை.

எதையும் வாங்குவதற்கு முன், ரீசெட் பட்டனை அழுத்துவதற்கு முன், கோளாறு லேப்டாப்பிலா, வைஃபையிலா, வெளியிலிருந்து வரும் லைனிலா என்று பிரித்துப் பாருங்கள்.

படி 1: கைப்பேசியில் சோதனை

மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, அதே வைஃபையில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறங்கள். கைப்பேசியில் நன்றாக ஓடினால் படி 2-க்குப் போங்கள். இரண்டிலும் ஓடவில்லை என்றால், ஃபைபர் கம்பி வந்து சேரும் ஓஎன்டி பெட்டியைப் பாருங்கள். எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் கண்ணாடியிழையில் ஒளி வரவில்லை. கம்பியை சோபா நசுக்குகிறதா, எங்காவது மடங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, சேவை நிறுவனத்தை அழையுங்கள். சிவப்பு இல்லையென்றால், ஓஎன்டி, ரவுட்டர் இரண்டையும் அணைத்து அரை நிமிடம் விடுங்கள். முதலில் ஓஎன்டி, அதன் விளக்குகள் நிலையான பிறகு ரவுட்டர்.

படி 2: லேப்டாப்

விண்டோஸில் செட்டிங்ஸ், நெட்வொர்க், வைஃபை என்று போய் உங்கள் இணைப்பின் ப்ராபர்ட்டீஸைத் திறங்கள். ஐபிவி4 முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து லேப்டாப்புக்கு முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். அந்த வைஃபையை 'ஃபர்கெட்' கொடுத்து, லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து, பாஸ்வேர்டை மறுபடி தட்டுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

படி 3: ரவுட்டரின் இடம்

நம் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் அதிகம் தவறுவது இங்கேதான். பாம் ஷெல்டரின் சுவர் கம்பி கட்டிய கான்கிரீட், கதவு இரும்பு. அதைத் தாண்டி அலை வருவது பெரும்பாடு. வைஃபைக்குப் பொதுவாக 5, 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள். 5 வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சீக்கிரம் சோர்ந்துவிடும், 2.4 சுவரைக் கொஞ்சம் தாண்டும், ஆனால் மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்து வீடு எல்லாரும் அதில்தான் நெருக்கியடிக்கிறார்கள். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைதான். ரவுட்டரை வெளியே எடுத்து, உயரமாக, திறந்த இடத்தில் வையுங்கள். அக்கா வீட்டில் நீளமான லேன் கேபிள் ஒன்று வாங்கி, ஓஎன்டியிலிருந்து டிவி மேசைவரை இழுத்தோம். அன்று மாலையே வீட்டுப்பாடம் தடங்கலில்லாமல் முடிந்தது.

படி 4: பூட்டுங்கள்

இணைப்பு வந்ததும் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள், பத்து நிமிட வேலைதான்.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) பிரவுசரில் தட்டினால் அமைப்புப் பக்கம் வரும். முதலில் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இது வைஃபை பாஸ்வேர்ட் அல்ல, ரவுட்டருக்கே உரிய சாவி. பழைய ரவுட்டர்கள் பலவற்றில் இது வெறும் 'அட்மின்' என்றே இருக்கும். 2021 ஏப்ரல் முதல் சிங்கப்பூரில் விற்பனைக்கு வரும் வீட்டு ரவுட்டர்களுக்கு, தொலைத்தொடர்பைக் கவனிக்கும் அரசு ஆணையமான ஐஎம்டிஏ குறைந்தபட்சப் பாதுகாப்பு விதிகளைக் கட்டாயமாக்கியது. அதற்கு முந்தையது உங்களிடம் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்.

அப்புறம் செக்யூரிட்டியில், வைஃபையைப் பூட்டும் முறையாக டபிள்யூபிஏ3-ஐத் தேர்ந்தெடுங்கள். பழைய சாதனங்கள் இருந்தால் டபிள்யூபிஏ2. பாஸ்வேர்ட் தட்டாமல் பட்டன் அல்லது பின் எண்ணால் இணைக்கும் டபிள்யூபிஎஸ்ஸை அணையுங்கள். ரவுட்டருக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் தானாகப் புதுப்பிக்கும்படி வையுங்கள். வைஃபை பெயரில் பிளாக் எண், வீட்டு எண் வேண்டாம். வைஃபை பாஸ்வேர்டுக்கு ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்துத் தட்டுங்கள்: முருங்கை, குடை, வியாழன், உரல் என்பதுபோல. நீளமாகவும் இருக்கும், பாட்டிக்கும் நினைவிருக்கும். விருந்தாளிகளுக்கு கெஸ்ட் நெட்வொர்க் தனியாகத் திறந்துகொடுங்கள்.

வைஃபை பாஸ்வேர்ட் மாறியதும் வீட்டிலுள்ள எல்லாம் துண்டிக்கப்படும். ஒவ்வொன்றாக இணைத்துவிட்டு, அதே பக்கத்தில் சாதனப் பட்டியலைத் திறந்து எண்ணுங்கள். அக்கா வீட்டில் முன்பு பதினொன்று இருந்தது, இப்போது ஒன்பது.