டாக்டரைத் தேடுமுன் நர்ஸம்மாவைப் பிடித்துக்கொள்ளுங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பெண் உண்டானதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, எந்த டாக்டரிடம் காட்டலாம் என்பதுதான். தப்பில்லை. ஆனால் பிரசவ வார்டில் பல வருஷம் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், வலி எடுத்ததிலிருந்து குழந்தை பால் குடிக்கிற வரை உங்கள் பக்கத்தில் அதிக நேரம் இருக்கப்போவது நர்ஸ்தான். சிக்கல் இல்லாத சுகப்பிரசவத்தை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெரும்பாலும் ஸ்டாஃப் நர்ஸே பார்த்துவிடுவார். அதனால் அவரிடம் எதைச் சொல்லணும், எதைக் கேட்கணும் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். 12 வாரத்துக்குள் செய்துவிடுவது நல்லது. பிக்மி எண் என்று 12 இலக்கத்தில் ஒன்று தருவார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய், அதற்கும் இது வேண்டும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் வேண்டும். தனியாரில்தான் பிரசவம் என்று முடிவு செய்தவர்களும் பதிவு செய்தே ஆகணும். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டு எட்டாம் மாதம் ஊர் திரும்புகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போகும்போது பதிவு செய்தபோது கொடுத்த கர்ப்பகால அட்டையைக் கையோடு எடுத்துப்போங்கள், இங்குள்ள நர்ஸம்மாவிடம் கிளம்புகிறேன் என்றும், அங்குள்ளவரிடம் வந்துவிட்டேன் என்றும் சொல்லிவிடுங்கள்.

மாதாமாதம் போகும்போது பிரஷர், எடை, ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு அட்டையில் எழுதுவதை நீங்களும் படியுங்கள். பிரஷர் 140/90-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டிய விஷயம். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை, 7-க்குக் கீழே என்றால் பெரிய ஆஸ்பத்திரி. களியும் முருங்கைக்கீரையும் நல்லதுதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் 8-க்கு இறங்கிய ரத்தத்தைக் களி மட்டும் ஏற்றிவிடாது. இரும்புச்சத்து மாத்திரையை வாங்கி அலமாரியில் அடுக்கிவைத்துவிட்டு "போடறேன் சிஸ்டர்" என்று சொல்லாதீர்கள். குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, மலச்சிக்கல் என்று உள்ளதைச் சொன்னால் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொல்வோம், தேவைப்பட்டால் டாக்டரிடம் சொல்லி ஊசியாகவே ஏற்றலாம். காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை எதனோடும் சேர்த்துப் போடாதீர்கள், உள்ளே போயும் உடம்பில் ஒட்டாது.

முன்னால் கலைந்தது, கலைத்தது, சிசேரியன், வலிப்பு, எதையும் மறைக்க வேண்டாம். மாமியாருக்குத் தெரியக்கூடாத விஷயமா? அவரைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லும்படி நர்ஸிடமே கேளுங்கள், செய்வோம். கேட்கக்கூடாதது ஒன்று உண்டு: ஆணா பெண்ணா. ஜாடையாகக் கேட்டாலும் குற்றம்தான், 1994-இலிருந்து சட்டம் இருக்கிறது. பெண் சிசுக்கொலையைத் தடுக்கப் போட்ட தொட்டில் குழந்தைத் திட்டம் எதற்காக நம் தர்மபுரி வரைக்கும் வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, வலி வந்துவிட்டது. விட்டுவிட்டு வரும் வலி சீராக, நெருங்கி நெருங்கி வந்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ கிளம்பிவிடுங்கள். ரத்தப்போக்கு, கண் மங்கல், கடும் தலைவலி, குழந்தை அசைவு குறைவது இதெல்லாம் இருந்தால் வலிக்காகக் காத்திருக்கவே கூடாது, உடனே 108. சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி மாதிரி மலையில் இருப்பவர்கள் கணக்கு வேறு, தேதி நெருங்கும்போதே கீழே இறங்கி சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள், அல்லது பிரசவக் காத்திருப்பு அறை எங்கே இருக்கிறது என்று நர்ஸம்மாவிடம் கேட்டுவையுங்கள்.

லேபர் ரூமுக்குள் என்ன நடக்கிறதென்றே தெரியவில்லை என்பது வெளியே நிற்பவர்களின் பெரிய புகார். குழந்தையின் இதயத்துடிப்பை அரைமணிக்கு ஒரு தடவை எண்ணுகிறோம், கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று நாலு மணிக்கு ஒரு தடவை பார்க்கிறோம், எல்லாவற்றையும் பார்ட்டோகிராஃப் என்ற தாளில் கோடாக வரைகிறோம். "இப்ப எத்தனை சென்டிமீட்டர் சிஸ்டர்?" என்று கேளுங்கள், பதில் சொல்லியாகணும். துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே விடுவார்கள், பிள்ளை பெற்ற, பதறாத ஆளாகப் பார்த்து அனுப்புங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கோ கன்னடமோதான் வீட்டில் பேசுகிறீர்கள் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், முக்கச் சொல்கிற நேரத்தில் புரியாமல் போனால் கஷ்டம்.

"சீக்கிரம் வலி ஊசி போடுங்க", "வயித்தை அமுக்கி விடுங்க" என்று வெளியிலிருந்து குரல் வரும். இரண்டையும் கேட்காதீர்கள். டாக்டர் சொல்லாமல் வலியைக் கூட்டுகிற அந்த ஊசியைப் போட்டால் கர்ப்பப்பை கிழியக்கூடும், குழந்தைக்கு மூச்சு முட்டும். அதே ஆக்ஸிடோசின் ஊசியைக் குழந்தை பிறந்த ஒரு நிமிஷத்துக்குள் தொடையில் 10 யூனிட் போடுவது ரத்தப்போக்கைத் தடுக்க, அது கட்டாயம் வேண்டும். பார்ட்டோகிராஃபில் எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டிப் போகிறது, தர்மபுரி மெடிக்கல் காலேஜுக்கோ கிருஷ்ணகிரி மெடிக்கல் காலேஜுக்கோ அனுப்புகிறோம் என்று நர்ஸ் சொன்னால் வாசலில் நின்று சண்டை போட்டு நேரத்தைக் கரைக்காதீர்கள், காரணத்தைக் கேட்டுக்கொண்டு, என்னென்ன ஊசி போட்டார்கள் என்று எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

எங்களில் கத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அதற்கு நியாயம் சொல்ல மாட்டேன். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் இலவசம், யார் கை நீட்டினாலும் கொடுக்காதீர்கள், 104 சுகாதார உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

பிறந்ததும் எல்லோரும் குழந்தையைப் பார்க்கப் போய்விடுவார்கள், தாயைப் பார்க்க ஆள் இருக்காது. முதல் இரண்டு மணி நேரம் கால்மணிக்கு ஒரு தடவை நர்ஸ் வந்து நாடி, பிரஷர், ரத்தப்போக்கு பார்க்க வேண்டும். வரவில்லையா, போய்க் கூப்பிடுங்கள். பேட் மளமளவென்று நனைந்தாலோ தலை சுற்றினாலோ உடனே சொல்லுங்கள், சங்கடப்படாதீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். பாட்டி கொண்டுவந்த சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப்பாலும் வேண்டாம், வேண்டாம் என்று நீங்கள் சொல்லத் தயங்கினால் அந்தப் பழியை நர்ஸ் தலையில் போடுங்கள், நாங்கள் திட்டு வாங்கிக்கொள்கிறோம். வைட்டமின் கே, பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி நாலும் போட்டாயிற்றா என்று அட்டையைப் பார்த்த பிறகே வார்டை விட்டு இறங்குங்கள். வீட்டுக்கு 102 வண்டி கொண்டுவிடும்.

வீட்டுக்கு வரும் நர்ஸம்மாவுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடாமல் காய்ச்சல், தையல் வலி, மார்பு கட்டிக்கொண்டது, காரணமில்லாமல் அழுகை வருவது, தூக்கமே இல்லாதது எல்லாவற்றையும் அவரிடம் சொல்லுங்கள். கடைசியாகச் சொன்ன இரண்டையும்தான் வீட்டில் யாரும் நோயென்று எடுத்துக்கொள்வதில்லை. 45-ஆவது நாள் தடுப்பூசிக்குப் போகும்போது அடுத்த குழந்தையைத் தள்ளிப்போட என்ன வழி என்பதையும் கேட்டுவிடுங்கள், அன்றைக்குக் கணவரையும் கூட்டிப்போனால் பேச்சு சீக்கிரம் முடியும்.