ஜிம் மாஸ்டர்கள் நம்பிக்கையை இழக்கும் இடங்கள்

வேலூரில் உடற்பயிற்சிக் கூடத்துக்கு வரும் நடுவயதினரில் பலர் ஏதாவது ஒரு மாத்திரை சாப்பிடுபவர்களாகவே இருக்கிறார்கள். 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சிகிச்சையகம் சி.எம்.சி. மருத்துவமனையாக வளர்ந்து, வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வந்து தங்கும் ஊர் இது. மருத்துவர் சொல்லுக்கும் மாஸ்டர் சொல்லுக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாஸ்டர் தம் எல்லையைத் தாண்டிப் பேசினால் எதிரில் நிற்பவர் மறுத்துப் பேச மாட்டார். தலையாட்டிவிட்டு, அடுத்த மாதம் நின்றுவிடுவார்.

முதல் நாளில் உடல்நிலையை விசாரிக்காமல் டிரெட்மில்லில் ஏற்றிவிடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அதைச் செய்தேன். சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, காலை 5.30 மணிக்கு வெறும் வயிற்றோடு வந்த ஒருவருக்கு வியர்த்துக் கொட்டியதை உழைப்பின் அடையாளமென்று எண்ணி, “இன்னும் ஒரு செட் சார்” என்று உற்சாகப்படுத்தினேன். கை நடுங்கி அவர் உட்கார்ந்த பிறகே சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்தது. பக்கத்து டீக்கடையிலிருந்து சர்க்கரை வாங்கிவந்து கரைத்துக் கொடுத்ததும் தேறினார், ஆனால் திரும்ப வரவில்லை. அவர் செய்ததே சரி. இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் பயிற்சியின்போது இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போகக்கூடும் என்பதையும், அப்போது 15 கிராம் சர்க்கரை கொடுத்து 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும் என்பதையும் நான் முன்பே கற்றிருக்க வேண்டும்.

இரத்த அழுத்தத்துக்கு அட்டினோலால், மெட்டோபிரோலால் வகை மாத்திரை சாப்பிடுபவரிடம் 220-இலிருந்து வயதைக் கழித்து வரும் உச்ச நாடித்துடிப்புக் கணக்கைக் காட்டுவதும் இதே இனத்தைச் சேர்ந்த பிழை. அந்த மருந்து துடிப்பை ஏற விடாது. கணக்கை எட்டுவதற்காக அவர் அளவுக்கு மீறி மூச்சிரைப்பார். பேசிக்கொண்டே செய்ய முடிகிறதா என்று கேட்பது அவருக்குப் பொருத்தமான அளவுகோல். “மாத்திரையை நிறுத்திவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லும் மாஸ்டர்களும் இருக்கிறார்கள். அதைத் தவறு என்பதைவிட ஆபத்து என்பதே பொருத்தம்.

அடுத்தது எடைக் கணக்கு. மாதம் 10 கிலோ குறையும் என்று பலகை வைத்தால் கூட்டம் வரும், வந்த கூட்டம் ஆறாவது வாரத்தில் கலையும். பெரும்பாலானோருக்கு வாரம் அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவதே நிலைக்கக்கூடிய வேகம். உணவைக் குறைத்த முதல் வாரத்தில் சட்டென்று இறங்கும் எடையில் பெரும்பங்கு நீர்தான் என்பதை அன்றே சொல்லிவிட்டால், மூன்றாவது வாரத்தில் முள் நகராதபோது அவர் நம்மைச் சந்தேகிக்க மாட்டார். வியர்வையும் அப்படித்தான். வெயில் 40 டிகிரியைத் தாண்டும் அக்னி நட்சத்திர நாட்களில், ரெயின்கோட் போன்ற உடையை மாட்டிக்கொண்டு கோட்டையைச் சுற்றி ஓடச்சொன்னால், கொழுப்புக்குப் பதிலாக உடலின் நீர் போகும், மயக்கமும் வரும்.

உணவில் முழுத்தடை விதிப்பதும் பொய்யை வளர்க்கும். ஆம்பூர் பிரியாணி கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துத் தடுத்தால், சாப்பிடுவதை விடமாட்டார்கள், நம்மிடம் சொல்வதை விட்டுவிடுவார்கள். எவ்வளவு சாப்பிட்டார் என்று தெரியாதவரால் எந்தத் திட்டத்தையும் திருத்த முடியாது. மாறாக, அளவைப் பேசி முடிவுசெய்துகொண்டால், திங்கட்கிழமை காலையில் அவரே வந்து உண்மையைச் சொல்வார்.

புரோட்டீன் டப்பா விற்பதில் கமிஷன் இருந்தால் அதை மறைக்கக் கூடாது. அனுமதி கேட்காமல் தொட்டு நிலையைத் திருத்துவதும், பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை இன்ஸ்டாகிராமில் போடுவதும் வேண்டாம். பெண்கள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். காட்பாடிக்கும் சத்துவாச்சாரிக்கும் இடையில் யாராவது ஒரு சித்தி அந்தப் படத்தைப் பார்த்தே தீருவார்.

இரண்டு வாரமாக வராதவருக்கு நாம் அனுப்பும் முதல் செய்தி கட்டணப் பாக்கியைப் பற்றியதாக இருப்பதும் வழக்கமான தவறே. உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் விசாரிக்கலாம். முழங்கால் வலியோ, வீட்டில் யாருக்காவது மருத்துவமனை அலைச்சலோ காரணமாக இருக்கக்கூடும். பாக்கியை மறுநாள் கேட்டுக்கொள்ளலாம்.