வீட்டுப் பவளத் தொட்டியில் ராட்சதச் சிப்பிக்கு ஒளி அமைக்கும் முறை

ராட்சதச் சிப்பியை வீட்டுத் தொட்டியில் வளர்க்க விரும்புவோர், விளக்கின் வாட் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, சிப்பி அமரப்போகும் இடத்தில் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதை முதலில் அளந்தறிய வேண்டும். ஓட்டின் விளிம்பைத் தாண்டி விரியும் அதன் வண்ண மடலுக்குள் சூசாந்தெல்லே என்னும் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளிச்சேர்க்கையால் உண்டாக்கும் சர்க்கரையே சிப்பியின் முதன்மையான உணவு. நீரை வடிகட்டியும் அது உண்ணும் என்றாலும், ஒளி குறைந்த தொட்டியில் நுண்பாசித் திரவத்தை எவ்வளவு ஊற்றினாலும் அந்தக் குறை தீராது. போதிய ஒளி கிடைக்காத சிப்பி சில மாதங்கள் நலமாக இருப்பதுபோலவே தோன்றிப் பின்னர் சட்டென இறந்துபோகக்கூடும் என்பதால், வாங்கும் முன்பே ஒளியைச் சரிசெய்துவிடுவது அதற்குச் செய்யும் பெரிய நன்மை.

எந்த இனம் என்பதைப் பொறுத்தே தேவை அமையும். ஸ்குவமோசா, டெராசா ஆகியவை மிதமான ஒளியில் வாழ்ந்துவிடும். கண்ணைக் கவரும் நீலமும் பச்சையுமாகக் கிடைக்கும் மேக்சிமா, குரோசியா ஆகியவற்றுக்கு வலுவான ஒளி வேண்டும். ஸ்குவமோசாவும் குரோசியாவும் சிங்கப்பூரின் தென்தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளில் இன்றும் இயற்கையாக வாழ்கின்றன. வண்டல் மிகுந்த நம் கடல்நீரில் ஒளி அதிக ஆழம் இறங்குவதில்லை. குரோசியா ஆழமற்ற நீரிலுள்ள பாறைக்குள் துளைத்துப் பதிந்து வெயிலைத் தேடிக்கொள்கிறது. முதன்முறையாக வளர்ப்பவருக்கு ஸ்குவமோசாவையோ டெராசாவையோதான் நான் பரிந்துரைப்பேன். இச்சிப்பிகள், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. ஆகவே முறையான அனுமதியுடன் இறக்குமதியான, பண்ணையில் வளர்ந்த சிப்பிதானா என்று கடைக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள்.

ஒளியை அளக்க பி.ஏ.ஆர். மீட்டர் வேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு வினாடிக்கு விழும், ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியை அது மைக்ரோமோலில் காட்டும். ஸ்குவமோசா, டெராசா ஆகியவற்றுக்கு 150 முதல் 250 வரையிலும், மேக்சிமா, குரோசியா ஆகியவற்றுக்கு 250 முதல் 400 வரையிலும் நடைமுறையில் பொருந்தி வருகிறது. விலை அதிகம் என்பதால் நண்பரிடம் இரவல் வாங்கினாலும் போதும். கைப்பேசிச் செயலிகள் காட்டும் லக்ஸ் அளவை நம்ப வேண்டாம். மனிதக் கண்ணுக்கேற்பப் பச்சை ஒளிக்கு முதன்மை தரும் அந்த அளவு, பவளத் தொட்டி விளக்குகளின் நீல ஒளியை மிகக் குறைத்தே மதிப்பிடும். பழைய வகை பி.ஏ.ஆர். உணரிகளிலும் இக்குறை ஓரளவு உண்டு. உணரியைச் சிப்பியின் மடல் இருக்கப்போகும் உயரத்தில் வைத்து, நீரோட்டத்துக்கான மோட்டார் ஓடும்போதே, சுற்றிலும் நாலைந்து இடங்களில் அளந்து பாருங்கள். ஒற்றை எல்இடி விளக்கின் நேர்கீழே 350 காட்டும் தொட்டியில், ஒரு சாண் தள்ளி அதில் பாதிகூட இல்லாமற்போகலாம். பக்கத்துப் பவளத்தின் நிழல் விழும் இடத்தையும் தவிர்க்க வேண்டும். இரண்டு விளக்குகளைப் பிரித்துப் பொருத்தினால் நிழல் வெகுவாகக் குறையும்.

புதுச் சிப்பியை முதல் நாளே முழு ஒளியில் வைப்பதுதான் நான் பெரிதும் அஞ்சும் தவறு. பெட்டிக்குள் இருட்டில் பயணம் செய்து, கடையில் மங்கிய ஒளியில் கிடந்த சிப்பியின் பாசிகள் திடீர்ப் பேரொளியைத் தாங்கமாட்டா. விளக்கின் வலிமையைப் பாதியாகக் குறைத்துத் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து விழுக்காடு வீதம் உயர்த்துங்கள்; மற்றப் பவளங்களுக்காக விளக்கைக் குறைக்க இயலாதபோது, சிப்பியை முதலில் மணலில் வைத்துப் பிறகு படிப்படியாக மேலே ஏற்றலாம். அப்போது அதன் அடியில் ஒரு தட்டைக் கல்லை வைத்துவிடுங்கள். சிப்பி தன் நூலிழைகளால் அந்தக் கல்லைப் பற்றிக்கொள்ளும் என்பதால் கல்லோடு சேர்த்தே நகர்த்தலாம். ஒட்டிக்கொண்ட சிப்பியைப் பிய்த்து எடுத்தால் இழைகள் முளைக்கும் பாதம் கிழிந்து, அக்காயமே அதன் உயிரைப் பறித்துவிடும்.

ஒளி நேரம் நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி வரை போதும். வேலை முடிந்து மாலையில் வீடு திரும்புவோர் நண்பகல் 12 மணிக்குத் தொடங்கி இரவு 10 மணிக்கு அணையும்படி நேரங்காட்டியை அமைத்துக்கொண்டால், சிப்பி விரிந்திருப்பதைத் தாங்களும் பார்க்கலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் மேற்கு வெயில் நேராகத் தாக்கும் சன்னலோரம் தொட்டிக்கு ஏற்றதன்று. வெப்பம் மிகுந்த நீரும் வலுவான ஒளியும் ஒன்றுசேர்ந்தால் பாசிகள் வெளியேறி மடல் வெளுத்துவிடும். 30 பாகை செல்சியஸைத் தொடும் நம் அறை வெப்பத்தில், சில்லர் என்னும் நீர் குளிர்விக்கும் கருவி கொண்டு நீரை 25 முதல் 27 பாகைக்குள் வைத்த பிறகே ஒளியை உயர்த்த எண்ண வேண்டும்.

அளவு சரிதானா என்பதைச் சிப்பியே காட்டும். மடலை வழக்கத்துக்கு மீறி நீட்டிப் பரப்புவதும், நிறம் பழுப்பாக மாறுவதும், ஓட்டு விளிம்பில் புது வளர்ச்சியின் வெள்ளைக் கோடு தென்படாததும் ஒளி போதாமையைக் குறிக்கும். மடல் சுருங்கியே இருந்து, நடுப்பகுதி வெளுக்கத் தொடங்கினால் ஒளி மிகை என்று கருதி உடனே குறையுங்கள். நீரை உள்ளிழுக்கும் துளை வாய் பிளந்தாற்போல் திறந்தே கிடப்பது கடும் நெருக்கடியின் அடையாளம். அதற்கு ஒளி மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை என்பதால், உப்பளவு, கால்சியம், காரத்தன்மை ஆகியவற்றையும் அன்றே சோதித்துவிடுங்கள். கால்சியம் 400 முதல் 450 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை இருப்பது நல்லது. கையின் நிழல் பட்டவுடன் மடலைச் சட்டென உள்ளிழுக்கும் சிப்பி பொதுவாக நலமாக உள்ளது. மடலோரத்திலுள்ள நூற்றுக்கணக்கான சிறு கண்களால் அது நிழலை உணர்கிறது.

விளக்கின் மீதும் மூடியின் மீதும் படியும் உப்பை வாரந்தோறும் துடைக்க வேண்டும். டி5 என்னும் மெல்லிய குழல்விளக்குகளை மாற்றும்போது புதியவை கூடுதல் ஒளி தருமாதலால், விளக்கைச் சற்று உயர்த்திக் கட்டியோ நேரத்தைச் சுருக்கியோ தொடங்குங்கள். மஞ்சளித்த நீரில் கரித்துகளைப் போட்டால் நீர் தெளிந்து ஒரே இரவில் ஒளி கூடிவிடும். வழக்கமான அளவில் பாதியை முதலில் போட்டு, மீதியை ஒரு வாரம் கழித்துச் சேர்க்கலாம்.