சாரணர் குழு தொடங்குகிறீர்களா? பிள்ளைகளைச் சேர்க்க அவசரப்படாதீர்கள்

புதிதாகச் சாரணர் குழு தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதல் வேலையாகப் பிள்ளைகளின் பெயர்களை எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். நாற்பது பேர் சேர்ந்துவிடுவார்கள், பொறுப்புக்குப் பெரியவர் ஒருவர்தான் இருப்பார். அவருக்குக் காய்ச்சல் வந்தால் அந்த வாரம் கூட்டம் இல்லை. இப்படி நான்கு முறை ஆனால் குழுவே கலைந்துவிடும். ஆசையோடு வந்து ஏமாந்த பிள்ளையை மறுபடி அழைத்து வருவது மிகவும் கடினம். அதனால் முதலில் தேட வேண்டியது பெரியவர்களைத்தான். வாரம் தவறாமல் வரக்கூடிய மூன்று நான்கு பேராவது கிடைக்கட்டும்.

சீருடைக்குத் துணி எடுப்பதற்கு முன்பே பதிவை முடித்துவிடுங்கள். உலகச் சாரணர் அமைப்பு ஒரு நாட்டில் ஒரு தேசிய அமைப்பைத்தான் அங்கீகரிக்கிறது. உங்கள் பகுதியில் அதன் பொறுப்பாளர் யார் என்று விசாரித்து, வயதுப் பிரிவு, குழுவை நடத்தும் பெரியவர்களுக்கான பயிற்சி, காப்பீடு எல்லாவற்றையும் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் "நமக்குத் தெரிந்தவர்தானே" என்ற பேச்சுக்கு இடமே கொடுக்காதீர்கள். யாராக இருந்தாலும் பின்னணியை விசாரித்த பிறகே சேர்க்க வேண்டும். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக இருக்கும் நிலை எங்கேயும் வரக்கூடாது, முகாமில் கட்டாயம் வரக்கூடாது. முதல் நாளே பெற்றோரை உட்காரவைத்து இதைச் சொல்லிவிடுங்கள். கேட்க அவர்களுக்கும் கேள்விகள் இருக்கும்.

சரி, ஆட்கள் கிடைத்துவிட்டார்கள், பதிவும் ஆகிவிட்டது. அப்புறம் நடக்கும் தவறுதான் எனக்கு அதிகம் வருத்தம் தருவது. எல்லாவற்றையும் பெரியவர்களே செய்துவிடுகிறார்கள். கூடாரத்தை அவர்களே கட்டுகிறார்கள், விளையாட்டை அவர்களே முடிவு செய்கிறார்கள், பிள்ளைகள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய சோதனை முகாமை நினைத்துப் பாருங்கள். வசதியான வீட்டுப் பையன்களும் உழைப்பாளி வீட்டுப் பையன்களுமாகச் சுமார் 20 பேர். அவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பையனையே தலைவனாக வைத்தார். சாரணியத்தின் உயிர் அந்த அணி முறையில்தான் இருக்கிறது. ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணி, அதற்கு அவர்களில் ஒருவர் தலைவர்.

ஆகவே முதலில் எட்டுப் பேரோடு மட்டும் தொடங்குங்கள். முடிச்சு, முதலுதவி, திசை அறிதல், அடுப்பு மூட்டிச் சமைப்பது எல்லாம் அவர்கள் கைக்குப் பழகட்டும். சில மாதம் கழித்து அவர்களில் சிலர் அணித்தலைவர்களாக நின்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். முடிச்சு தவறாகப் போனாலும் பாய்ந்து பிடுங்கிச் சரிசெய்யாதீர்கள். கூடாரம் ஒருமுறை சரிந்து விழுந்தால், எந்தக் கயிறு தளர்ந்தது என்று அவர்களே தேடிக் கண்டுபிடிப்பார்கள்.