நமக்கெல்லாம் இது வருமா என்று தோன்றும்போது

"பயப்படாதே" என்று சொல்லி யாருக்கும் பயம் போனதாக நான் பார்த்ததில்லை. நாளைக்கு இன்டர்வியூ, இல்லை ஆபீசில் பத்துப் பேர் முன்னால் எழுந்து பேச வேண்டும், இல்லை சொந்தமாகக் கடை போட இடம் பார்த்து அட்வான்ஸ் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். அதை நிறுத்தப் பார்க்காதீர்கள், நின்று பார்க்கிற இடத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். கண்ணாடி முன்னால் நின்று "நான் சிங்கம்" என்று சொல்லிக்கொள்ளும் வேலையெல்லாம் இதில் இல்லை (அதற்கே தனித் தைரியம் வேண்டும்).

முதலில் உடம்பு. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. உடம்பு உஷாராகும்போது வருவதுதான் இதெல்லாம், அட்ரினலின் என்ற ஹார்மோனுக்கும் அதில் பங்கு உண்டு. அலங்காநல்லூரில் வாடிவாசல் திறக்கிற நொடியில் கேலரியில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் இதே படபடப்புதான், ஆனால் அவர் அதைப் பயம் என்று சொல்வதில்லை, அதற்காகத்தானே விடியறதுக்கு முன்னாலேயே வந்து இடம் பிடித்தார். ஹார்வர்டில் ஆலிசன் வுட் புரூக்ஸ் என்பவர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், கேமரா முன்னால் பேசப் போகிறவர்களில் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் நன்றாகப் பேசினார்கள். துடிக்கிற நெஞ்சை அடக்குவது பெரும்பாடு, அந்தத் துடிப்புக்கு வேறு அர்த்தம் கொடுப்பது அவ்வளவு கஷ்டமில்லை. உற்சாகம் கிற்சாகம் என்று சொல்ல வாய் கூசினால் "சரி, ஒரு கை பார்த்துருவோம்" என்று சொல்லுங்கள். மனசுக்குள் வேண்டாம், உங்கள் காதில் விழ வேண்டும்.

அடுத்தது அந்த நாலு பேர். "நாலு பேர் என்ன நினைப்பாங்க" என்பதில் வருகிற நாலு பேரை யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா? அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவரோடு இருந்தவர்களும், போட்டுக்கொள்ளவே வெட்கப்படும்படியான ஒரு டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டிவிட்டு, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று போட்டிருந்தவர்கள் நினைத்தார்கள். கவனித்தது கால்வாசிப் பேர்தான். 2000-இல் வந்த ஆய்வு இது. நீங்களே சோதித்துக்கொள்ளலாம்: கடைசியாக நீங்கள் போன மீட்டிங்கிலோ கல்யாண வரவேற்பிலோ மைக் பிடித்தவர்களில் யார் எந்த இடத்தில் திக்கினார் என்று யோசியுங்கள். சாப்பாடு எப்படி இருந்தது என்பதுதான் ஞாபகம் வரும்.

இனி முக்கியமான வேலை, இதற்குப் பேனாவும் பேப்பரும் வேண்டும். உங்களைப் பற்றி உங்கள் மனசு என்ன சொல்கிறதோ அதை அப்படியே ஒரு வாக்கியமாக எழுதுங்கள். உசிலம்பட்டிப் பக்கம் என் அண்ணன் மகள் ஒருத்தி, படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவள், நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியது இது: "எனக்கு எந்த இன்டர்வியூவும் ஒழுங்கா வராது."

"சரி, போன தடவை என்ன கேட்டாங்க?"

"என்னைப் பத்திக் கேட்டாங்க சித்தப்பா, சொன்னேன். அப்புறம் ப்ராஜெக்ட் பத்தி. அதையும் சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

"எங்க கம்பெனிக்கு ஏன் வரணும்னு நினைக்கிறேன்னு கேட்டாங்க. அதுலதான் நின்னுபோச்சு."

எழுதியதை அடித்துவிட்டு, கீழே வேறு எழுதச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்தக் கம்பெனிக்கு ஏன் வருகிறேன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை" என்று எழுதினாள். இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். முதல் வாக்கியத்தை வைத்துக்கொண்டு அழலாம், வேறு ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதுக்கு ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் பதில் தயார். "எந்த", "எப்பவுமே", "ஒண்ணுமே" மாதிரி வார்த்தைகள் வாக்கியத்தில் இருந்தால் சந்தேகப்படுங்கள், என்ன நடந்தது என்று ஒரு சாட்சியைக் கேட்பது மாதிரி உங்களையே கேளுங்கள். 1960-களில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் உருவாக்கிய சிகிச்சை முறையில் இந்தக் கேள்வி கேட்கும் வேலை பெரும் பங்கு. பதில் வரவில்லையென்றால், இதே புலம்பலோடு உங்கள் தம்பி வந்து நின்றால் அவனுக்கு என்ன சொல்வீர்களோ அதை எழுதுங்கள். அடுத்தவனுக்கு என்றால் நமக்கு நியாயம் நன்றாகவே தெரியும்.

பெரிய ஆட்களுக்கு இதெல்லாம் கிடையாது என்று நினைப்பவர்களுக்குக் காந்தி கதை. லண்டனில் பாரிஸ்டர் படித்துவிட்டு வந்தவர், பம்பாயில் தன் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்து, தலை சுற்றி, ஒரு கேள்விகூட வராமல் உட்கார்ந்துவிட்டார். 30 ரூபாய் ஃபீஸையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். 1921 செப்டம்பர் 22 அன்று நம்ம மதுரை மேல மாசி வீதியில் தங்கியிருந்த வீட்டிலிருந்து அரைவேட்டியோடு ஊர் முன்னால் வந்து நின்றதும் அதே ஆள்தான். எனக்குப் பிடித்தது, தன் கூச்சத்தைப் பற்றிப் பின்னாளில் அவர் எழுதியது: பேசத் தயங்கியதுதான் தன்னைச் சொற்களைச் சிக்கனமாகச் செலவழிக்கப் பழக்கியது என்றார். நீங்களும் கேட்டுப் பாருங்கள், இந்தத் தயக்கம் உங்களிடம் எதை வளர்த்திருக்கிறது? சந்தேகப்படுகிறவர்தான் பெரும்பாலும் இரண்டு தரம் சரிபார்த்துவிட்டுக் கணக்கைக் கொடுக்கிறார்.

ஆனால் உட்கார்ந்து யோசித்தே பார்வை மாறிவிடாது, காலும் கொஞ்சம் நடக்க வேண்டும். சின்னதாக ஆரம்பியுங்கள். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்குப் போய், நாலு சட்டையைப் பிரித்துக் காட்டச் சொல்லி, விலை கேட்டுவிட்டு, "பிடிக்கலைண்ணே" என்று சொல்லி எதுவும் வாங்காமல் வெளியே வாருங்கள் (கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, பாவம் அவர்களுக்கும் வேலை இருக்கிறது). சிரிக்காதீர்கள், பலருக்கு இது இன்டர்வியூவைவிடக் கஷ்டம். அது பழகிய பிறகு மீட்டிங்கில் ஒரே ஒரு கேள்வி. அப்புறம் மைக். ஒவ்வொன்றுக்கும் முன்னால் என்ன ஆகும் என்று பயந்தீர்கள், என்ன ஆனது என்று இரண்டு வரி எழுதிவைத்தால் அடுத்த தடவை வாதாடக் கையில் ஆதாரம் இருக்கும்.

எல்லாப் பயத்தையும் இப்படிப் பார்க்கக் கூடாது. கெட்ட வார்த்தையில் திட்டுகிற முதலாளியிடம் பயம் இருந்தால் மாற வேண்டியது உங்கள் பார்வை இல்லை, வேலை. தூக்கம் இல்லாமல் வாரக்கணக்கில் போனால், திடீர் திடீரென்று மூச்சு முட்டினால், வீட்டை விட்டு வெளியே வரவே முடியவில்லை என்றால் இந்த நோட்டு, பேனா போதாது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், ராத்திரியும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.