பிரெஞ்சுப் பேப்பரில் பணச் செய்தி வாசிக்க

காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு பிரெஞ்சு எதற்கு என்று ஆத்தாவே கேட்பார். பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் பாட்டையா சைகோனில் வட்டிக்கடை வைத்திருந்தார், அந்தப் பெட்டியிலிருந்த காகிதங்களை வாசிக்கத்தான் ஆரம்பித்தேன், இப்போது 'லே ஸெக்கோ' என்ற பிரெஞ்சு வணிக நாளிதழின் பணப் பக்கம் வரை வந்தாயிற்று.

அங்கே பாதிச் சொற்கள் இரவல், பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து. உடனே அகராதியைத் திறக்காதீர்கள். சாய்வெழுத்திலோ மேற்கோள் குறிக்குள்ளோ இருந்தால், அந்தச் சொல் இன்னும் வீட்டுக்குள் வராமல் முகப்பிலேயே நிற்கிறது என்று அர்த்தம், பெரும்பாலும் பக்கத்திலேயே விளக்கமும் இருக்கும்.

சில சொற்களில் ஆங்கிலம் போய்விடும், படம் மட்டும் தங்கும். 'பாராசூத் தொரே' அப்படித்தான்: தங்கப் பாராசூட். பதவியை விட்டுப் போகும் நிர்வாகிக்குக் கொடுக்கும் பெருந்தொகை. இங்கே அகராதி உதவாது, வினைச்சொல்லைப் பாருங்கள். பாராசூட் 'விரிந்தது', அவர் 'மெத்தென்று இறங்கினார்' என்று எழுதியிருந்தால் நிருபர் குத்திக்காட்டுகிறார். முதல் தடவை இதை அப்படியே தமிழாக்கி அப்பச்சியிடம் காட்டினேன், "இவன் பட்டாளத்தானா?" என்றார். 'கை நிறையக் கொடுத்து அனுப்பி வைத்தார்கள்' என்று மாற்றியதும் சிரித்துவிட்டார்.

ஸ்டார்ட்அப்புக்குப் பிரெஞ்சு அரசு பரிந்துரைத்த சொல் 'ழேன் பூஸ்', அதாவது இளந்தளிர். தளிர் என்று வைத்துவிட்டால் அப்புறம் வாடும், துளிர்க்கும், தண்ணீர் கேட்கும், கட்டுரை முழுக்கத் தோட்டம்தான். பங்குச் சந்தைச் சரிவுக்கான 'க்ராக்' ஜெர்மன் சரக்கு, 1873 வியன்னா பங்குச் சந்தைச் சரிவோடு பரவியது. பிரெஞ்சில் 'விரிசல் விடு' என்பதற்கும் ஏறக்குறைய அதே ஓசை, எனவே தலைப்பு வைப்பவர்களுக்குக் கொண்டாட்டம்.

'காஷ்' வந்தால் கவனம். 'காஷ் கொடுத்தான்' என்றால் ரொக்கம். 'காஷ் பேசினான்' என்றால் பணமே கிடையாது, வெட்டு ஒன்று துண்டு ரெண்டாகப் பேசினான் என்று பொருள். ஆங்கில கேஷுக்கு மூலமே பணப்பெட்டியைக் குறித்த சொல்தான், நம் கடைகளின் பெட்டியடியை நினைத்துக்கொள்ளுங்கள். 'பட்ஜெட்' இன்னும் வேடிக்கை: பழைய பிரெஞ்சில் 'பூழெத்', சின்னத் தோல்பை, ஏறக்குறைய சுருக்குப்பை. இங்கிலீஷ்காரன் எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுத்தான்.

எல்லாம் ஆங்கிலத்திலிருந்து வந்தது என்றும் நினைக்க வேண்டாம். திவாலுக்கான 'பான்க்ரூத்' இத்தாலியிலிருந்து வந்த சொல், உடைந்த பெஞ்சு என்று பொருள், வட்டிக்கடைக்காரர் உட்காரும் பெஞ்சு. தமிழில் மஞ்சள் கடுதாசி கொடுத்தான் என்று எழுதுங்கள். பெஞ்சை உடைத்தால் ஆசாரியைத்தான் கூப்பிடுவார்கள்.